நாரா ஹோட்டலில் ஓர் இரவு: அறை பிடிப்பது முதல் காலி செய்வது வரை

ஜப்பான் போகிற நம்மவர்கள் நாராவுக்கு ஒதுக்குவது பெரும்பாலும் அரை நாள்தான். காலையில் கியோட்டோவிலிருந்து ரயில், மானுக்கு பிஸ்கட், பெரிய புத்தருக்கு ஒரு கும்பிடு, நாலு படம், சாயங்கால ரயிலில் திரும்பல். அந்தக் கூட்டம் மொத்தமும் ஐந்து மணிவாக்கில் ஸ்டேஷனைப் பார்த்து நகர்ந்துவிடும். அதற்குப் பிறகு ஊர் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவராக ஆக நல்ல வழி, நாரா பூங்காவின் தெற்கு ஓரத்து மேட்டில் 1909 அக்டோபரில் திறந்து, இன்றும் நடந்துகொண்டிருக்கும் நாரா ஹோட்டலில் ஓர் இரவு தங்குவது.

மதியம் 3 மணிக்கு அறை தருவார்கள். மறுநாள் காலை 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும். ஆக, நீங்கள் காசு கொடுத்து வாங்குவது 20 மணி நேரம். நான் முதல் தடவை போனபோது அதில் ஐந்தரை மணி நேரத்தைக் கியோட்டோவிலேயே தொலைத்துவிட்டு, ராத்திரி எட்டரைக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு மேடேறினேன். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கீழே ஊருக்குள் இறங்கினால் பாதிக் கடை அடைப்பு. கன்வீனியன்ஸ் ஸ்டோர் ரொட்டியைக் கடித்தபடி நூறு வயதுக் கூரையை அண்ணாந்து பார்த்ததுதான் மிச்சம். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த ராத்திரி கற்றுத் தந்ததிலிருந்து தொடங்குகிறது.

எந்த மாதிரி இடம் இது

ரஷ்யாவுடனான போர் 1905இல் முடிந்ததும் ஜப்பானுக்கு வெளிநாட்டினர் வரத்து கூடியது. பழைய தலைநகரான நாராவைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களைக் கட்டிலில் படுக்கவைத்து, மேசையில் சாப்பிடவைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. வடிவமைத்தவர் தட்சுனோ கிங்கோ. டோக்கியோ ஸ்டேஷனின் செங்கல் கட்டடம் அவருடையதுதான். செங்கல்லும் கல்லுமாகக் கட்டிப் பேர் வாங்கிய மனிதர், இங்கே மரத்தில், ஓட்டுக் கூரையோடு, ஜப்பானிய அரண்மனைத் தோற்றத்தில் இரண்டு மாடி எழுப்பினார்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. 1894இல் நாராவில் அருங்காட்சியகம் ஒன்றை ஐரோப்பிய பாணியில் கட்டினார்கள். கோயிலும் கோபுரமுமாக இருக்கிற ஊரில் இது என்ன என்று உள்ளூரில் முகம் சுளித்தார்கள். அடுத்து வந்த பொதுக் கட்டடங்களுக்கு வெளியே ஜப்பானிய உடுப்பு மாட்டப்பட்டது அதன் விளைவு. ஹோட்டலுக்கு ஆன செலவு 3,50,000 யென். டோக்கியோவில் அரசு விருந்தினருக்காக 1883இல் எழும்பிய ரோகுமெய்கானுக்கு ஆனது 1,80,000 யென். அந்த ரோகுமெய்கானை வடிவமைத்த ஜோசையா கோண்டர், தட்சுனோவின் குரு. சீடன் செலவில் குருவை முந்திவிட்டார்.

1913 முதல் ரயில்வே துறையே இதை நேரடியாக நடத்தியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றபின் அமெரிக்கப் படைகள் எடுத்துக்கொண்டு, 1952இல்தான் திருப்பித் தந்தார்கள். இன்றைக்கும் ரயில்வே உறவு அறுந்துவிடவில்லை. ஜேஆர் மேற்கு என்ற ரயில் கம்பெனியின் குழுமத்தைச் சேர்ந்ததுதான். இதையெல்லாம் முன்கூட்டித் தெரிந்துகொண்டு போனால், உள்ளே நுழைந்ததும் எதைப் பார்க்கிறோம் என்று கண்ணுக்குப் பிடிபடும்.

படி 1: தேதி

முதலில் ஒதுக்க வேண்டிய நாட்களைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை செர்ரிப் பூ. நவம்பர் பின்பாதி இலை சிவக்கும் காலம். ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் ஜப்பானியர்களுக்குத் தொடர் விடுமுறை. இவற்றை எல்லோரும் அறிவார்கள். பலருக்குத் தெரியாதது அக்டோபர் கடைசி முதல் நவம்பர் இரண்டாம் வாரம் வரை நாரா தேசிய அருங்காட்சியகத்தில் நடக்கும் ஷோசோஇன் கண்காட்சி. எட்டாம் நூற்றாண்டு அரசப் பொக்கிஷங்களை வருஷத்துக்கு இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகமாக மட்டுமே வெளியே எடுத்துக் காட்டுவார்கள். அதற்காகவே ஜப்பான் முழுக்க இருந்து ஆள் வரும், நாராவில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்தக் கண்காட்சிதான் உங்கள் நோக்கம் என்றால் பல மாதம் முன்பே பிடித்துவிடுங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஜனவரி நான்காவது சனிக்கிழமை வகாகுசா மலையின் புல்வெளிக்குத் தீ வைக்கும் விழா. மார்ச் 1 முதல் 14 வரை, பெரிய புத்தர் இருக்கும் தோதாய்-ஜி கோயிலின் நிகட்சு-தோ மண்டபத்தில் இரவுதோறும் தீப்பந்தங்களை ஏந்தி ஓடும் ஒமிசுதோரி. 752இலிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் நடக்கும் சடங்கு இது. கூட்டத்துக்கு அஞ்சாதவர்கள் இந்த இரண்டில் ஒன்றைப் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால் ஜூன். மழைக்காலம்தான், குடை வேண்டும், வேர்க்கும். ஆனால் விலை இறங்கியிருக்கும், மான் குட்டிகள் பிறந்து தள்ளாடி நடக்கும், மரக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து ஓட்டில் விழும் மழையைக் கேட்பதற்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது. ஜனவரி பாதிக்கு மேல், பிப்ரவரி ஆகியவையும் மலிவு. நாரா ஒரு பள்ளத்தாக்கு ஊர், குளிர் எலும்பைத் தொடும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதமானாலும் சனி இரவைத் தவிர்த்து ஞாயிறு இரவைப் பிடித்தாலே கட்டணம் இறங்கும்.

படி 2: எந்தக் கட்டடம்

பலர் ஏமாறுகிற இடம் இது. நாரா ஹோட்டலில் 127 அறைகள். அவற்றில் ஏறக்குறையப் பாதிதான் 1909 கட்டடத்தில் இருக்கின்றன. அதை ஹொன்கான் என்பார்கள், பதிவுப் பக்கங்களில் மெயின் பில்டிங் என்று வரும். மீதிப் பாதி 1984இல் கட்டிய ஷின்கான், அதாவது புதுக் கட்டடம். பதிவுத் தளங்களில் மலிவாகக் கண்ணில் படுவது பெரும்பாலும் ஷின்கான் அறை. முகப்புப் படமாகப் போட்டிருப்பது ஹொன்கான். படத்தைப் பார்த்து பட்டனை அழுத்திவிட்டு, போன பிறகு சாதாரண ஹோட்டல் அறை மாதிரி இருக்கிறதே என்று வருந்துகிறவர்கள் உண்டு.

ஷின்கானும் மோசமில்லை. பழைய கட்டடத்தின் தலைக்கு மேல் போகக்கூடாது என்று, மேட்டின் சரிவில் கீழ்நோக்கி இறங்குகிற மாதிரி கட்டினார்கள். மலைச் சரிவில் வீடு கட்டும் யோஷினோ ஊரின் முறை அது. அறைகள் விசாலமானவை, குளியலறை புதுசு, சத்தம் குறைவு. சின்னக் குழந்தை, வயதான பெற்றோர் என்று குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஷின்கானே தேவலை என்பேன். வரவேற்புக் கூடம், டீ லவுஞ்ச், பார், சாப்பாட்டுக்கூடம் எல்லாம் ஹொன்கானில்தான்; எங்கே படுத்தாலும் அவை உங்களுக்கும் உண்டு.

தம்பதியாகவோ தனியாகவோ, இதற்கென்றே ஒரு தடவைதான் போகப் போகிறீர்கள் என்றால் கூடுதல் காசு கொடுத்து ஹொன்கானைப் பிடியுங்கள். உயரமான கூரை, நீள ஜன்னல்கள், சில அறைகளில் மரச்சட்டமிட்ட கணப்பு அடுப்பு. 1914இலேயே நீராவிச் சூடேற்றம் வந்துவிட்டதால் அடுப்பில் நெருப்பு மூட்டுவதில்லை, அலங்காரமாக நிற்கிறது. அங்கேயும் தரத்துக்குத் தரம் வித்தியாசம் இருக்கிறது. ஸ்டாண்டர்ட் என்று போட்ட அறைகள் சிறியவை. பார்க் சைடு என்ற பெயர் ஒட்டியிருந்தால் ஜன்னலுக்கு வெளியே பூங்காப் பக்கம் தெரியும். படியேற முடியாதவர்கள் கூட இருந்தால் கீழ்த்தள அறை வேண்டும் என்று பதிவின்போதே எழுதிவிடுங்கள்.

வெந்நீர் ஊற்றுக் குளம் இங்கே கிடையாது. ஜப்பான் என்றாலே ஒன்சென் என்று மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். தத்தாமிப் பாய், தரையில் மெத்தை, அறைக்கே வரும் சாப்பாடு, இதெல்லாம் ரியோகான் எனும் சத்திர மரபு. நாரா ஹோட்டல் அந்த வகை அல்ல. வெளிநாட்டுப் பழக்கவழக்கங்களை ஜப்பான் முதன்முதலாகத் தன் கையால் செய்து பார்த்த காலத்து ஹோட்டல் இது. நிக்கோவின் கனயா, ஹகோனேயின் ஃபுஜியா, யோகொஹாமாவின் நியூ கிராண்ட் எல்லாம் இதன் உறவுக்காரர்கள்.

படி 3: பதிவு செய்யும்போது

மூன்று விஷயம்.

ஜப்பானில் கட்டணம் பல சமயம் அறைக்கு இல்லை, தலைக்கு. இரண்டு பேர் என்று போட்டுவிட்டு மூன்றாவது ஆளை அங்கே போய்ச் சமாளிக்கலாம் என்ற நம்மூர்க் கணக்கு செல்லாது. குழந்தையானாலும் வயதோடு பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது, காலை உணவு சேர்ந்த கட்டணமாகவே எடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இரவு உணவு வேண்டுமென்றால் சாப்பாட்டுக்கூடமான மிகாசாவில் மேசையைத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் என் கதைதான்.

மூன்றாவது, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்ற சாறு. அதில் பெரும்பாலும் இருப்பது கட்சுவோபுஷி, அதாவது சூரை மீன் வகையை அவித்துப் புகையிட்டு, கட்டைபோல் காயவைத்துச் சீவியது. தூத்துக்குடிக்காரர்களுக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் மாசிக் கருவாடு என்றால் சட்டென்று புரியும். அதன் கிட்டத்துச் சொந்தம். அது மிசோ சூப்பில் இருக்கும், அவித்த கீரையில் இருக்கும், முட்டைச் சுருளில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. 'வெஜிடேரியன்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் எழுதினால், இறைச்சித் துண்டு இல்லாத தட்டு வரும், தாஷி அப்படியே இருக்கும். சமையல்காரர் ஏமாற்றவில்லை, அவர் கணக்கில் அது மீனே இல்லை.

ஆகவே பதிவின்போது எழுத்தில் வரிசையாகச் சொல்லுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், மீன் தாஷி வேண்டாம், முட்டை ஆகும் அல்லது ஆகாது, பால் ஆகும். ஒரு வாரம் முன்னால் மின்னஞ்சலில் நினைவூட்டுங்கள். முன்கூட்டிச் சொன்னால் முடியும், முடியாது என்று நேர்மையாகப் பதில் வரும். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களுக்கும் தர்மசங்கடம், உங்களுக்கும் பட்டினி. வாயால் சொல்ல இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளலாம்: "நிக்கு தோ சகானா வா தபெமசென். சகானா நோ தாஷி மோ தபெமசென்." இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன், மீன் தாஷியும் சாப்பிட மாட்டேன்.

படி 4: போய்ச் சேர்வது

கியோட்டோவிலிருந்து இரண்டு ரயில் பாதைகள். கின்டெட்சு கம்பெனியின் லிமிடெட் எக்ஸ்பிரஸ் 35 நிமிடம், இருக்கைக்குக் கூடுதல் கட்டணம். ஜேஆர் மியாகோஜி ரேபிட் 45 நிமிடம், கூடுதல் கட்டணம் இல்லை. ஜேஆர் பாஸ் ரெண்டாவதில்தான் செல்லும், கின்டெட்சுவில் செல்லாது. டிக்கெட் தடுப்பில் பாஸை நீட்டிவிட்டு நிற்கும் நம்மாட்களை அடிக்கடி பார்க்கலாம். ஹோட்டலுக்குக் கிட்டத்தில் இருப்பது கின்டெட்சு நாரா ஸ்டேஷன். நடந்தால் கால் மணி நேரம், டாக்சியில் ஐந்து நிமிடம். ஜேஆர் நாரா ஸ்டேஷன் இன்னும் மேற்கே தள்ளி இருக்கிறது, அங்கிருந்து பஸ்ஸோ டாக்சியோ பிடியுங்கள்.

ரயிலையே ஒரு விசேஷமாக்கிக்கொள்ள ஆசைப்பட்டால் கின்டெட்சுவில் அவோனியோஷி என்ற ஊதா நிறச் சுற்றுலா ரயில் 2022 முதல் ஓடுகிறது. பழங்கவிதைகளில் நாரா என்ற பெயருக்கு முன்னால் அடைமொழியாக வருகிற சொல் அது. இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பெரிய பெட்டிகளோடு வராதீர்கள். ஹோட்டல் மேட்டில் இருக்கிறது, கடைசி நூறு இருநூறு மீட்டர் ஏற்றம். ஜப்பானில் தக்குஹாய்பின் என்ற பார்சல் சேவை உண்டு: முந்தைய ஹோட்டலின் வரவேற்பு மேசையில் பெட்டியைக் கொடுத்து, அடுத்து தங்கும் இடத்தின் முகவரியை எழுதினால் வழக்கமாக மறுநாள் போய்ச் சேரும். கியோட்டோவிலிருந்து ஒசாகாவுக்கு நேராகப் பெட்டியை அனுப்பிவிட்டு, தோளில் ஒரு பையோடு நாராவுக்கு வருவது என் பழக்கம்.

படி 5: மூன்று மணி

இரண்டரைக்கே போய்விடுங்கள். அறை தயாராக இல்லாவிட்டால் லவுஞ்சில் உட்காரலாம். ஜப்பானில் வீடு இல்லாத வெளிநாட்டினர் பாஸ்போர்ட் காட்ட வேண்டும் என்பது சட்டம், நகல் எடுத்துக்கொள்வார்கள். டிப்ஸ் கிடையாது. வற்புறுத்தி நீட்டாதீர்கள், பையைத் தூக்கி வந்தவர் திகைத்துப்போவார்.

செக்-இன் முடிந்ததும் அறைக்குள் போய்ச் சாய்ந்துவிடாமல் கூடத்தைச் சுற்றுங்கள். சாயங்கால வெளிச்சம் இருக்கும்போது பார்க்க வேண்டியது நாலு இருக்கிறது.

ஒன்று, கணப்பு அடுப்பு. ஆங்கிலேய வீட்டுக் கணப்பின் மேல், ஷின்டோ கோயில் வாசலில் நிற்குமே தோரி, அதையே சட்டமாக வைத்திருக்கிறார்கள். வெளியே ஜப்பான், உள்ளே ஐரோப்பா என்று ஒரே வரியில் சொல்வார்கள், அது சரியில்லை. உள்ளேயும் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. தொங்கும் விளக்குகளைப் பாருங்கள், கசுகா கோயிலின் தொங்கு விளக்குகளின் சாயலில் செய்த சாண்டலியர்கள்.

அடுத்தது பெரிய மாடிப்படி. கைப்பிடித் தூண்களின் உச்சியில் வெங்காய வடிவில் குமிழ்கள் இருக்கும், கோயில் பாலங்களில் இருப்பதுபோல. தட்டாமல் மெல்லத் தொட்டுப் பாருங்கள், உலோகமில்லை, மண். போர்க்காலத்தில் பித்தளை, வெண்கலம் என்று நாட்டில் இருந்த உலோகத்தையெல்லாம் அரசு வாங்கிக்கொண்டபோது குமிழ்களும் போயின. அவற்றின் இடத்தில் உள்ளூர் அகஹதா மட்பாண்டத்தில் செய்த குமிழ்கள் வந்தன. போர் முடிந்து இத்தனை காலத்துக்குப் பிறகும் மாற்றவில்லை. இந்த ஹோட்டலில் எனக்கு ரொம்பப் பிடித்த பொருள் அதுதான்.

மூன்றாவது பியானோ. 1922 டிசம்பரில் ஐன்ஸ்டீன் இங்கே தங்கினார். அப்போதுதான் ஒரு மாதம் முன்பு நோபல் பரிசுச் செய்தி வந்திருந்தது. அவர் வாசித்த பியானோ போருக்குப்பின் ஹோட்டலை விட்டுப் போய், பல பத்தாண்டுகள் ஒசாகாவில் இருந்து, நூற்றாண்டு விழா நேரத்தில் திரும்பி வந்தது. வயலின்காரராக நாம் அறிந்த மனிதர் இங்கே விட்டுப்போனது பியானோ ஞாபகம்.

நாலாவதைப் பார்க்க வெளியே போக வேண்டும். வாசலிலிருந்து இறங்கி அராஇகே குளத்தின் எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். மரங்களுக்கு மேல் ஹோட்டலின் கூரை வரிசை. அங்கிருந்து பார்த்தால்தான் தட்சுனோ என்ன செய்தார் என்பது புரியும்: அது ஹோட்டலாகவே தெரியாது, பக்கத்துக் கோயிலின் இன்னொரு மண்டபம் போல இருக்கும்.

படி 6: மாலையும் சாப்பாடும்

லவுஞ்சில் ஒரு காபி. பிறகு ஐந்து மணிக்குள் நாராமாச்சிக்கு இறங்குங்கள், மேட்டின் மேற்கே உடனே தொடங்கிவிடும் பழைய வணிகர் தெருக்கள். முகப்பு குறுகி, உள்ளே நீண்டு போகும் வீடுகள். நம் அக்கிரகாரத்து வீடுகளையும் காரைக்குடி வீதிகளையும் பார்த்தவர்களுக்கு அந்த நீளம் பழக்கமானது. வாசல்களில் சிவப்புத் துணிப் பொம்மைகள் கொத்தாகத் தொங்கும். வீட்டாருக்கு வரும் கெடுதலைத் தாங்கள் வாங்கிக்கொள்ளும் குரங்குகள் அவை. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பொம்மை என்பது வழக்கம். நம்மூர்த் திருஷ்டிப் பூசணி செய்கிற வேலைதான். ஆனால் நாரா சீக்கிரம் தூங்குகிற ஊர். ஐந்து, ஆறு மணிக்குக் கடைகள் இழுத்து மூடப்படும்.

இரவுச் சாப்பாடு மிகாசாவில் பிரெஞ்சு முறைப்படி. விலை கூடத்தான். டை கட்ட வேண்டியதில்லை, ஆனால் செருப்பும் அரைக்கால் சட்டையுமாகப் போகாதீர்கள். அறையில் வைத்திருக்கும் இரவு உடுப்போடும் அறைச் செருப்போடும் கூடத்துக்கு வரக்கூடாது; ரியோகானில் யுகாத்தா என்ற பருத்தி அங்கியோடு ஊரே சுற்றலாம், இங்கே அது நடக்காது. காசைச் சேமிக்க வேண்டுமென்றால் இரவுச் சாப்பாட்டை வெளியே முடித்துக்கொண்டு காலை உணவை இங்கே வையுங்கள். இரண்டில் ஒன்றுதான் என்றால் காலை உணவு.

படி 7: இரவு

பாரில் ஒரு கிளாஸ். குடிக்காதவர்கள் இஞ்சிச் சோடாவோடு உட்காரலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். பிறகு படுத்துவிடுங்கள். ஹொன்கானில் மரத்தரை முனகும், மேலே யாராவது நடந்தால் கேட்கும். தூக்கம் கலைகிறவர்கள் காதடைப்பான் கொண்டுபோங்கள். நீங்களும் பத்து மணிக்குமேல் நடைபாதையில் பெட்டியை உருட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள்.

படி 8: விடிகாலை

இதற்காகத்தான் நாராவில் தங்குவது. கோடையில் ஐந்தரைக்கு, குளிர்காலத்தில் ஏழுக்குக் கிளம்பலாம். ஒரு கெட்டிச் செருப்போ ஷூவோ போதும்.

அராஇகே குளத்தைத் தாண்டிக் கிழக்கே நடந்தால் சகிஇகே குளத்தின் நடுவே உகிமிதோ என்ற மிதப்பது போன்ற மண்டபம். பகலில் படம் எடுக்க வரிசை நிற்கும் இடம், இந்நேரம் நீங்களும் வாத்துகளும். அங்கிருந்து வடக்கே ஏறினால் தோபிஹினோ புல்வெளி. மான்கள் இரவைக் கழித்த இடத்திலிருந்து எழுந்து மேய்ந்துகொண்டிருக்கும். ஆயிரத்துக்கு மேல் இருக்கும் இந்த மான்கள் யாருடைய வளர்ப்பும் இல்லை, காட்டு விலங்குகள். 1957இல் இயற்கை நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டவை. பகலில் பிஸ்கட்டுக்காகச் சட்டையைக் கடித்து இழுக்கிற அதே மான், காலையில் தலை நிமிர்த்தி உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புல்லுக்குத் திரும்பிவிடும். ஜூனில் குட்டியோடு இருக்கும் தாயின் கிட்டே போகாதீர்கள், இலையுதிர்காலத்தில் கொம்புள்ள கடாக்களின் கிட்டேயும். நம் கையில் இருப்பதைத் தின்னக் கொடுக்கவே கூடாது. அங்கே விற்கிற அரிசித் தவிட்டு பிஸ்கட் மட்டும்தான்.

இன்னும் வடக்கே, பெரிய புத்தரின் கோயிலான தோதாய்-ஜியின் தெற்கு வாசல். இரு பக்கமும் எட்டு மீட்டருக்கு மேல் உயர்ந்த காவல் தெய்வங்கள், உன்கெய், கைகெய் முதலான சிற்பிகள் 1203இல் 69 நாளில் செதுக்கி முடித்தவை. உள்ளே போகாமல் வலப்பக்கம் ஏறி நிகட்சு-தோவுக்குப் போங்கள். அந்த மண்டபத்து முன்தாழ்வாரம் இரவும் பகலும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. அங்கே நின்றால் பெரிய புத்தர் மண்டபத்தின் கூரையும் அதற்குப் பின்னால் நாரா ஊரும் விடிவதைப் பார்க்கலாம்.

பெரிய புத்தர் மண்டபம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 7:30க்கும், மற்ற மாதங்களில் 8 மணிக்கும் திறக்கும். திறந்த முதல் பத்து நிமிடம் உள்ளே இருங்கள். பதினைந்து மீட்டர் வெண்கலத்தின் முன்னால் நிற்கும்போது நம்மவர்கள் நினைத்துக்கொள்ள ஒரு பெயர் இருக்கிறது. 752இல் இந்தப் புத்தருக்குக் கண் திறந்து வைத்தவர் போதிசேனர். தென்னிந்தியாவிலிருந்து வந்த அந்தணர் என்று ஜப்பானியப் பதிவுகள் சொல்கின்றன. மதுரைக்காரர் என்று சொல்வாரும் உண்டு. சீனா வழியாக 736இல் வந்து சேர்ந்து, ஊர் திரும்பாமல் 760இல் இங்கேயே காலமானார். அவர் கண் தீட்டிய தூரிகையில் நீளமான நூல்களைக் கட்டி, கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள், எல்லோர் கையும் பட்டதாக இருக்கட்டும் என்று. தூரிகையும் நூலும் இன்னும் ஷோசோஇன் பொக்கிஷத்தில் பத்திரமாக இருக்கின்றன. இப்போது இருக்கும் சிலையின் பல பகுதிகள் தீக்கும் நிலநடுக்கத்துக்கும் பிறகு மறுபடி வார்த்தவை. தலை பதினேழாம் நூற்றாண்டினது. ஆகவே போதிசேனர் திறந்த கண் இதில்லை.

திரும்பும் வழியில் கோஃபுகு-ஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரத்தைத் தேடாதீர்கள். பல ஆண்டு நீளும் திருப்பணிக்காகச் சாரம் கட்டி மூடியிருக்கிறார்கள்.

படி 9: காலை உணவு

எத்தனை மணி வரை பரிமாறுவார்கள் என்று முந்தைய நாளே கேட்டுவைத்து, அதற்கு முக்கால் மணி முன்னால் மிகாசாவுக்குள் இருங்கள். ஜன்னலோர மேசை கேளுங்கள். பூங்காப் பக்கம் தெரியும், நீங்கள் நடந்து வந்த திசை.

மேற்கத்தியத் தட்டு, ஜப்பானியத் தட்டு, சாகயு என்று மூன்று வகை உண்டு. சாகயு என்பது வறுத்த தேயிலைச் சாற்றில் வேகவைத்த அரிசிக் கஞ்சி. நாராவின் பழைய காலைச் சாப்பாடு. நிறம் பழுப்பு, மணம் லேசாகக் கருகல், ருசி ஏறக்குறைய ஒன்றுமில்லை. கஞ்சியைக் காய்ச்சலுக்கு மட்டும் குடித்து வளர்ந்தவர்கள் முகம் சுளிக்கலாம். பழைய சோற்றுக்கும் மோர்மிளகாய்க்கும் பழகிய நாக்குக்கு இரண்டாவது கரண்டியிலேயே பிடித்துவிடும், ஏனென்றால் வேலையைச் செய்வது தொட்டுக்கொள்பவைதான். நாராசுகே என்ற ஊறுகாய் அதில் முக்கியம்: வெள்ளரி வகைக் காயைச் சாக்கே மதுவின் மண்டியில் மாதக்கணக்கில் ஊறவைத்துக் கருநிறமாக எடுப்பது. மது விலக்கியவர்கள் அதைத் தொட வேண்டாம், வாசனையே காட்டிக்கொடுக்கும். சுத்த சைவர்களுக்குக் கஞ்சி ஆகும், கூட வரும் மீனும் சூப்பும் ஆகாது. முன்கூட்டிச் சொல்லாதவர்கள் மேற்கத்தியத் தட்டுக்குப் போய்விடுவது நல்லது.

படி 10: பதினொரு மணி

பத்தே முக்காலுக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு, பையை வரவேற்பில் விட்டுப் போகலாம். ஹோட்டலின் மேட்டை ஒட்டித் தெற்கே தைஜோ-இன் தோட்டம் இருக்கிறது. கோஃபுகு-ஜியைச் சேர்ந்த பெரிய மடம் ஒன்று இங்கே இருந்தது. 1868இல் பிறந்த மெய்ஜி காலத்தின் தொடக்கத்தில் பௌத்தத்துக்கு எதிராக வீசிய அலையில் மடம் அழிந்தது, தோட்டம் மட்டும் மிஞ்சியது. குளம், தீவு, சிவப்புப் பாலம். ஹோட்டலில் தங்குகிறவர்களில்கூடப் பலர் எட்டிப் பார்ப்பதில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணாந்தால், மரங்களுக்கு மேலே நேற்று நீங்கள் படுத்த கூரை.

அவசரமாக ரயிலுக்கு ஓடாதீர்கள். கியோட்டோ 35 நிமிடம்தான், அங்கேயும் மூன்று மணிக்குத்தான் அறை தருவார்கள்.